ஓடைப் பாதைக்கு ஒரு வாசல்: வடிவமைத்துக் கொடுத்தவர்களைப் பற்றி, 14 மாதம் கழித்து

எங்கள் பகுதி ஓடையை ஒட்டிப் போகும் நடைபாதைக்கு நுழைவாயில் வடிவமைத்துக் கொடுத்த ஒரு சின்ன நிறுவனத்தைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் எழுதப் போவதால் பெயரைச் சொல்லவில்லை. வாசல் திறந்து 14 மாதம் ஆகிறது. திறந்த வாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன், ஆனால் வெயிலும் மழையும் ஒரு சுற்று வந்து, செடி செத்து, கல்லில் கறை படிந்து, சைக்கிள்காரரும் நடப்பவரும் நாலு தடவை முட்டிக்கொண்ட பிறகுதான் ஒரு வாசல் நல்லதா இல்லையா என்று சொல்ல முடியும் என்பதால் காத்திருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓடை சாலைக்கு அடியில் ஒரு கல்வெர்ட்டு, அதாவது தண்ணீர் போகக் கட்டிய சிறு பாலம், வழியாக நுழைந்து இந்தப் பக்கம் வெளியே வருகிறது. அங்கிருந்து கீழ்நோக்கி இரண்டு கிலோமீட்டருக்குக் கரையோரப் பாதை. ஆனால் சாலையில் நடந்து போகிறவருக்கு அங்கே ஒரு பாதை இருப்பதே தெரியாது. மின்மாற்றிக்கும் பேருந்து நிழற்குடைக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் இரண்டு படி, படிக்கு முன்னால் எப்போதும் நிற்கும் நாலு பைக், அவ்வளவுதான். இருபது வருடமாக அந்தச் சாலையில் போய்வரும் பலர் கீழே ஓடை ஓடுவதை அறியாமலேயே இருந்தார்கள். இதை மாற்ற வேண்டும் என்றுதான் குடியிருப்போர் சார்பில் ஒரு குழு அமைத்தோம், உரிய அனுமதி வாங்கினோம், இவர்களை அழைத்தோம். வரைபடங்களைப் பார்த்துப் பேசும் பொறுப்பு மூன்று பேருக்கு இருந்தது, அதில் நான் ஒருத்தி.

நாங்கள் கொடுத்த குறிப்பில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: வாசல் இந்த ஓடையிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும்.

முதல் வரைபடம் வந்தது. நீல நிறத்தில் பெரிய அலை வடிவ வளைவு, அதில் வெட்டியெடுத்த மீன்கள், மேலே பாதையின் பெயர் ஆளுயர எழுத்தில். கணினித் திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது, குழுவில் பாதிப் பேர் அப்போதே கை தட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். கடற்கரைக்கும் அது பொருந்தும், நீச்சல் குளத்துக்கும் பொருந்தும், தண்ணீர் கேன் விற்கும் கடைக்கும் பொருந்தும். எங்கள் ஓடையில் அலையே கிடையாது. மழை இல்லாத மாதங்களில் கணுக்கால் ஆழம்தான் தண்ணீர், அதுவும் தேநீர் நிறத்தில் ஓடும். அப்புறம் இன்னொன்று, அந்த வளைவுக்கு அடியில் நின்று பார்த்தால் ஓடை தெரியாது, நடுவில் ஒரு சுற்றுச்சுவர். ஓடையைப் பற்றிய வாசல், ஓடையை மறைத்துக்கொண்டு நிற்கும். பழைய இரண்டு படியும் அப்படியே இருந்தது.

இதையெல்லாம் சொன்னபோது அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இந்த மதிப்புரையில் நான் கொடுக்கும் மதிப்பெண்களில் பெரும்பங்கு அந்த ஒரு நாளுக்காகத்தான். "ஒரு மாதம் கொடுங்கள், நாங்கள் ஓடையைப் போய்ப் பார்க்கிறோம்" என்றார்கள். முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் தன் வரைபடத்தைத் தானே ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தொடங்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

அந்த மாதம் முழுக்க அந்த நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் ஒருத்தி வந்துகொண்டே இருந்தார். விடியற்காலையில் வருவார், மழை விட்ட மறுநாள் வருவார், ஒரு தடவை மழையிலேயே குடையோடு கல்வெர்ட்டு மேல் நின்றுகொண்டிருந்தார். அளக்கும் டேப்பை ஒரு முனையில் என்னிடம் கொடுத்து மறுமுனையோடு கரையோரமாக நடந்துபோவார். நான் சின்ன வயதிலிருந்து பார்க்கும் ஓடைதான், ஆனால் அவர் காட்டிய பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஓடை வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை செங்குத்தாக அறுபட்டு நிற்கும், உட்பக்கக் கரை மணலும் சரளையுமாகச் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும். வளைவில் மேல்மட்டத்துத் தண்ணீர் வெளிக்கரை மேல் போய் மோதி அதை அரிக்கிறது, அடிமட்டத்துத் தண்ணீர் திரும்பி உட்கரைப் பக்கம் வந்து தான் சுமந்ததை அங்கே இறக்கிவிட்டுப் போகிறது. அதனால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் திண்ணை. எந்த ஓடையிலும், எந்த ஆற்றிலும் இப்படித்தான்.

இன்னொன்று, வளைவுகளின் நீளம். ஆறுகளை ஆராய்ந்த லூனா லியோபோல்டும் கார்டன் வோல்மனும் 1960ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பற்றி அந்த வடிவமைப்பாளர் சொன்னார். நீரோட்டத்தின் அகலம் எவ்வளவோ, அதைப்போல ஏறக்குறைய பத்து பதினோரு மடங்கு நீளத்தில் ஒரு முழு வளைவு, அதாவது இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று சேர்ந்த ஒரு எஸ் வடிவம், முடிந்து அடுத்தது தொடங்கும். சிற்றோடைக்கும் பெரிய ஆற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. பனிப்பாறை மேல் ஓடும் நீருக்கும், கடலுக்குள்ளேயே ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்துக்கும்கூட அதே உறவு பொருந்துவதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஓடை சராசரியாக 4 மீட்டர் அகலம். டேப்பைப் பிடித்து அளந்தோம், ஒரு முழு வளைவு 45 மீட்டர் வந்தது. அந்தக் கரையில் டேப்பும் கையுமாக நின்றபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

இரண்டாவது வரைபடத்தில் அந்த அலை வளைவு இல்லை, மீன் இல்லை, நீலம் எங்குமே இல்லை. சாலைக்கும் பாதைக்கும் இடையே எங்களுக்கு இருந்த இடம் 25 மீட்டர் நீளம். இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு நடைபாதை, 22 மீட்டரில் ஒரே ஒரு எஸ் வளைவாக இறங்கியது. அதே பதினோரு மடங்கு. சாலையை விடப் பாதை 70 சென்டிமீட்டர் தாழ்வு, அதைத்தான் பழைய இரண்டு படியும் ஒரு மேடும் சேர்ந்து சமாளித்துக்கொண்டிருந்தன. 22 மீட்டரில் 70 சென்டிமீட்டர் என்றால் 31க்கு 1 சாய்வு, அதாவது 31 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறக்கம். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பொதுவாக 12க்கு 1 வரை ஒத்துக்கொள்வார்கள், 20க்கு 1ஐ விடச் செங்குத்தாக இல்லாவிட்டால் அமெரிக்க விதிகளில் அதைச் சாய்தளம் என்றே கணக்கில் எடுப்பதில்லை, சாதாரண நடைபாதைதான். படி இல்லை, சாய்தளம் என்று தனியாக ஒன்று இல்லை. வாக்கர் வைத்து நடக்கும் என் அப்பாவும், ஓடிவரும் பிள்ளைகளும் ஒரே வழியில் இறங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று பின்பக்கமாக ஒரு வழியை ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு முன்பக்கம் அலங்காரப் படி கட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, அதனால் இந்த ஒரு விஷயத்துக்கே நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வளைவின் வெளிப்பக்கத்தில் கருங்கல் சுவர், தரையிலிருந்து மெல்ல எழும்பி 45 சென்டிமீட்டர் வரை போய் மறுபடி தரையோடு தரையாக அடங்குகிறது. உயரமான இடத்தில் உட்காரலாம். உட்பக்கத்தில் சுவரே இல்லை, கூழாங்கல் பரப்பு சாய்ந்து போய் ஒரு பள்ளத்தில் முடிகிறது, பள்ளத்தில் கோரையும் நாணலும். வெளிக்கரை, உட்கரை. ஓடையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிகிறது, பார்க்காதவர்களுக்கும் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரவும் ஒரு பக்கம் இறங்கி நிற்கவும் இடம் கிடைக்கிறது.

அந்தக் கூழாங்கல் பரப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல் பதிக்க வந்த மேஸ்திரி அனுபவசாலி, முதல் நாளே ஒரு சதுர மீட்டருக்குத் தட்டைக் கற்களை மட்டமாக, பார்க்க அவ்வளவு சுத்தமாகப் பதித்துவிட்டார். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு நிமிஷம் என்கூட வாங்க" என்று அவரை ஓடைக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு திட்டில் தட்டைக் கற்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கூரை ஓடு அடுக்கியதுபோலக் கிடந்தன. அடி விளிம்பு தண்ணீர் வரும் பக்கம் புதைந்திருக்கிறது, மேல் விளிம்பு தண்ணீர் போகும் பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்படிக் கிடந்தால் மேலே ஓடும் தண்ணீர் கல்லை அமுக்கிவிட்டுப் போகும், மாறிக் கிடந்தால் அடியில் புகுந்து தூக்கிப் புரட்டிவிடும். மேஸ்திரி குனிந்து ஒரு கல்லைப் பிடுங்கப் பார்த்தார், எளிதில் வரவில்லை. "தண்ணியே அடுக்கி வெச்சிருக்குமா இதை" என்றார். திரும்பி வந்து அந்த ஒரு சதுர மீட்டரையும் தானே பெயர்த்துவிட்டு, ஓடை போகும் திசை பார்த்து மறுபடி அடுக்கினார். இன்றைக்கு அந்தப் பரப்பை உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று போகும், எதிர்ப்பக்கம் தடவினால் விளிம்புகள் விரலைத் தடுக்கும். பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவி ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மறைத்துக்கொண்டிருந்த சுற்றுச்சுவரில் மூன்று மீட்டர் நீளத்தை எடுத்துவிட்டுக் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கல்வெர்ட்டு வாயில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு விழும் இடம் அது. இப்போது சாலையிலேயே சத்தம் கேட்கிறது, பேருந்துக்கு நிற்பவர்கள் தன்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையிலும் செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இதுதான். சாலைக்கு அடியில் ஓடை போகும் தடத்தை மறுபக்க நடைபாதையிலும் ஒரு கருங்கல் பட்டையால் காட்டியிருக்கிறார்கள். மேலே நடந்துகொண்டே கீழே ஓடுவதைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த யோசனைகள் வானத்திலிருந்து விழவில்லை, அதையும் அவர்களே சொன்னார்கள். சியோலில் சியோங்கேசியோன் ஓடையை மூடிக் கட்டியிருந்த சாலையையும் மேம்பாலத்தையும் 2003ல் இடிக்கத் தொடங்கி 2005ல் ஓடையைத் திறந்தார்கள், ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர். அதன் தொடக்கத்தில் கிளேஸ் ஓல்டன்பர்க்கும் கூஸ்யா வான் பிரூகனும் செய்த 20 மீட்டர் உயரச் சங்கு வடிவச் சிற்பம் 2006லிருந்து நிற்கிறது. அதை விட எனக்குப் பிடித்தது, பழைய மேம்பாலத்தின் மூன்று தூண்களை இடிக்காமல் ஓடை நடுவிலேயே விட்டுவைத்திருப்பது. இங்கே முன்பு என்ன இருந்தது என்று எந்தப் பலகையும் இல்லாமலே புரிந்துவிடும். சிங்கப்பூரில் பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012ல் திறந்தபோது, உடைத்த கான்கிரீட் பலகைகளை வெளியே கொட்டாமல் அங்கேயே ஒரு குன்றாக்கினார்கள். எங்கள் வாசலிலும் பழைய படிகளை உடைத்தபோது கிடைத்த இரண்டு கான்கிரீட் பலகைகள் இப்போது இருக்கையாக இருக்கின்றன. அதில் ஒன்றில், யாரோ எப்போதோ ஈரக் கான்கிரீட்டில் மிதித்த செருப்புத் தடம் அப்படியே இருக்கிறது. அதைப் பளபளப்பாகத் தேய்க்காமல் விட்டதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அறிவிப்புப் பலகை பாதி நல்லது, பாதி மோசம். நல்லதை முதலில் சொல்கிறேன். அமெரிக்காவில் 2013ல் கூட்டாட்சி நிலங்களில் அமையும் பாதைகளுக்கு வந்த விதிகளில், பாதைத் தொடக்கத்தில் புதிதாக வைக்கும் தகவல் பலகையில் பாதையின் நீளம், தரை எதனால் ஆனது, வழக்கமான அகலம் எவ்வளவு, மிகக் குறுகலான இடத்தில் எவ்வளவு, ஏற்ற இறக்கமும் பக்கச் சாய்வும் வழக்கமாக எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் அதைப் பின்பற்றி எங்கள் பலகையிலும் எழுதினார்கள். "எளிதான பாதை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் என் அப்பாவுக்கு எந்தப் பயனும் இல்லை, யாருக்கு எளிது? "600 மீட்டருக்கு அப்பால் மண் தரை, ஒரு இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர்" என்று இருந்தால் அவர் வாசலிலேயே நின்று தன் கால் வலியைப் பார்த்து முடிவு செய்துகொள்வார். அவர் செய்கிறார், நான் பார்க்கிறேன்.

மோசமான பாதி, அதன் எழுத்து. துரு நிறத் தகட்டில் மெல்லிய சாம்பல் எழுத்து. வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது, நேரில் வெயில் பட்டால் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதன் மேலேயே வெள்ளைத் தகடு வைத்துக் கறுப்பு எழுத்தாக மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. ஆனால் வழிவரைபடம் இன்னமும் வடக்கு மேலே இருக்கும்படிதான் இருக்கிறது. பலகை முன் நிற்பவர் தெற்குப் பார்த்து நிற்கிறார், அவருக்கு வலதுபுறம் இருக்கும் பாலம் படத்தில் இடதுபுறம் இருக்கிறது. நிற்பவர் பார்க்கும் திசை மேலே வரும்படி படத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் துரு நிறத் தகடு இன்னொரு கதை. கார்டென் என்று சொல்லப்படும் ஒரு வகை இரும்பு அது. செம்பு, குரோமியம் மாதிரியான உலோகங்கள் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். மேலே படியும் துருவே ஒரு பூச்சாகி உள்ளே துரு ஏறாமல் காக்கும். ஓடைக்கரை மண் நிறத்தோடு அது அழகாகப் பொருந்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சு உருவாக நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும், எப்போதும் ஈரத்தில் இருந்தால் சாதாரண இரும்பு மாதிரி அரித்துக்கொண்டே போகும். இவர்கள் தகட்டின் அடிப்பாகத்தைச் செடிப் பள்ளத்து ஈர மண்ணிலேயே நட்டுவிட்டார்கள். மேலிருந்து வழியும் நீர் நேராகக் கருங்கல் மேல் விழுந்து, ஆரஞ்சு நிறக் கோடுகளாக ஊறிப்போயிருக்கிறது. வரைபடத்தில் பார்த்தபோதே, தண்ணீர் எங்கே சொட்டும் என்று கேட்டேன். "கொஞ்ச மாதத்தில் நின்றுவிடும்" என்றார்கள். நிற்கவில்லை. தகட்டுக்கு அடியில் ஒரு சரளைக் கால்வாய் விட்டு, கால்களைக் கான்கிரீட் பீடத்தில் தூக்கி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்து அடுக்கிய கல் மேல் அந்தக் கறையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து அகலம். இதில் தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்ட எங்களுடையதும்தான். நடப்பவரும் சைக்கிள்காரரும் சேர்ந்து பயன்படுத்தும் பாதைக்கு மூன்று மீட்டர் அகலம் வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் அளவு. எங்கள் வாசல் இரண்டு மீட்டர். பதினோரு மடங்குக் கணக்கில் மூன்று மீட்டர் பாதைக்கு 33 மீட்டர் வளைவு வேண்டும், 25 மீட்டர் இடத்தில் அது அடங்காது. அழகான கணக்கு கையில் கிடைத்த சந்தோஷத்தில், அந்தக் கணக்குக்காக அகலத்தைக் குறைக்கிறோம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை வந்து பாருங்கள், வளைவில் எதிரே வரும் சைக்கிளுக்கு வழிவிட நடப்பவர்கள் கூழாங்கல் மேல் ஏறி நிற்கிறார்கள். எஸ் வளைவின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அகலத்தைக் காப்பாற்றியிருக்கலாம். பாதி வளைவிலும் வெளிக்கரையும் உட்கரையும் இருந்திருக்கும், கல்லின் சாய்வும் இருந்திருக்கும். ஓடையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குணத்தைத்தான், எண்ணை இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

பைக்குகளைத் தடுக்கும் கம்பங்கள் பற்றி அவர்களோடு நான் சண்டை போட்டேன், இப்போது அவர்கள் பக்கம்தான் நியாயம் என்கிறேன். நான் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு வைத்து வளைந்து வளைந்து நுழையும்படி செய்யச் சொன்னேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பைக் நுழைய முடியாத தடுப்பில் சக்கர நாற்காலியும் இரட்டைக் குழந்தை வண்டியும் நுழைய முடியாது என்றார்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம் மட்டும், பாதை நடுவில் எதுவும் இல்லை. இருட்டில் நடுக்கம்பத்தில் மோதி விழும் சைக்கிள்காரர்களைப் பற்றியும் சொன்னார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு பைக் நுழைந்துவிடுகிறது, உண்மைதான். யாராவது ஒரு சத்தம் போட்டால் திரும்பிப் போய்விடுகிறது. சாலை விளிம்பில் பார்வையற்றோருக்கான புள்ளித் தரை இருக்கிறது, ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965ல் கண்டுபிடித்த அதே வகை. கல் நிறத்திலேயே போடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டபோது அந்தப் பெண் மறுத்து மஞ்சள்தான் என்று நின்றார். மங்கலாகவாவது பார்வை உள்ளவர்களுக்கு அந்த நிறம்தான் துணை.

விளக்கு தாழ்வாக, மஞ்சள் ஒளியில், தண்ணீர்ப் பக்கம் வெளிச்சம் போகாதபடி வைத்திருக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

மழைக்கு வருவோம். சாலையிலிருந்து வழியும் நீர் நேராக ஓடையில் கலக்காமல் அந்தக் கோரைப் பள்ளத்தில் இறங்கித் தங்கி, மண்ணில் வடிந்து, மிச்சம் மட்டும் போகும்படி அமைத்திருந்தார்கள். முதல் பெருமழையன்று குடையோடு போய்ப் பார்த்தேன். பள்ளம் நிறைந்து, நாணல் தலை மட்டும் தெரிய நின்றது. பாதை மேல் துளி நீர் தேங்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் பள்ளம் வற்றிவிட்டது, அடியில் சாலை மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சிகரெட் துண்டுகளும் ஒரு படலமாகக் கிடந்தன. அத்தனையும் முன்பெல்லாம் ஓடைக்குள் போனது என்று நினைத்தபோது ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வருத்தம்.

சரி, அந்தப் படலத்தை யார் அள்ளுவது? எப்போது அள்ளுவது? இதற்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை. என் பெரிய குறை இதுதான். வேலை முடிந்து வரைபடங்களையெல்லாம் அழகாகக் கட்டிக் கொடுத்தார்கள், பராமரிப்பு பற்றி ஒரு தாள்கூட அதில் இல்லை. ஏழாவது மாதம் ஒரு நாள் காலையில் போனால் பள்ளம் மொட்டையாக இருந்தது. துப்புரவுக்கு வந்தவர் நாணல், கோரை எல்லாவற்றையும் களை என்று நினைத்து அரிவாளால் தரையோடு அறுத்து, கட்டுக் கட்டாக ஓரத்தில் வைத்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, எவ்வளவு அக்கறையாக அறுத்திருந்தார்! எது செடி, எது களை என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. அந்தக் கட்டுகளைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் அந்தப் பெண் ஒரு பக்கத் தாள் தயாரித்துக் கொண்டுவந்தார்: விட வேண்டிய செடி ஆறு, பிடுங்க வேண்டியது நாலு, ஒவ்வொன்றுக்கும் படம், எந்தெந்த மாதம் மண் அள்ளுவது என்று கீழே இரண்டு வரி. துப்புரவுக்கு வருபவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நாணல் திரும்பத் துளிர்த்துவிட்டது. மேட்டு விளிம்பில் வைத்த செடிகளில் மூன்றில் ஒரு பங்கு போனது போனதுதான், அங்கே வேறு வைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு தாளை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

இப்படிப்பட்ட வேலைக்கு யாரையாவது அமர்த்த நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர்கள் செய்த பழைய வாசல்களின் படங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், ஒரு மழைக்காலம் கழிந்த ஒரு வாசலுக்கு நேரில் போய், தண்ணீர் எங்கே வழிகிறது, யார் பெருக்குகிறார்கள் என்று பாருங்கள். முதல் வரைபடம் கொண்டுவரும் நாளில் உங்கள் ஓடை எத்தனை மீட்டர் அகலம் என்று கேளுங்கள். பதில் வந்தால் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. பாதையின் கீழ்முனையிலும் ஒரு வாசல் வைக்கப் பேச்சு நடக்கிறது, போன வாரக் கூட்டத்தில் இவர்களையே மறுபடி அழைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். அகலம் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது, பராமரிப்புத் தாள் வரைபடத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஓடை நேராக ஓடுகிறது, கரை முழுக்கக் களிமண், ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. அதைச் சொன்னவுடன் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "மழை விட்ட மறுநாள் அங்கே போகலாமா?" என்பதுதான்.